விசிட்டர் பார்க்கிங்கில் நின்ற விலாசம்

ராத்திரிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, பால் புட்டியைக் கொதிநீரில் போட்டு, ஆதிரையைத் தோளில் சாய்த்துத் தட்டித் தட்டி ஒருவழியாகத் தூங்கவைத்து நிமிர்ந்தபோதுதான் காம்பவுண்டுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. ஆட்டுக்கல்லில் கயிறு கட்டிச் சிமெண்டுத் தரையில் யாரோ இழுத்து வருவதுபோல முதலில் ஒரு கரகரப்பு. அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருமினால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு தடதடப்பு. கடைசியில், தலைச்சுமையோடு வெகுதூரம் நடந்த பெண் சுமையை இறக்கிவைத்துவிட்டு விடுகிற மூச்சுபோல நீளமாக ஒரு 'உஸ்ஸ்'. நான் பால்கனிக் கதவைத் திறந்து பார்க்கவில்லை. நான் பயந்தவள். கான்வென்டில் படிக்கும்போது ஸிஸ்டர் மணியடித்த பிறகு மற்றப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள், நான் மணியடிப்பதற்கு முன்பே நிற்பேன். குழந்தை பிறந்த பிறகு அந்தப் பயத்துக்கும் ஒரு குழந்தை பிறந்து, ஆதிரை அயர்ந்து தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்ப்பதும், முழித்தால் ஏன் முழித்தாள் என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தேன். ஆகவே போர்வையை இருவருக்குமாக இழுத்துக்கொண்டு, பள்ளியில் கற்ற ஜெபத்தையும் வீட்டில் கற்ற ஸ்லோகத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லியபடி தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்து பார்த்தால், விசிட்டர் பார்க்கிங்கில், நாலாம் கட்டத்துக்கும் ஐந்தாம் கட்டத்துக்கும் நடுவில், மஞ்சள் கோட்டைக் கொஞ்சம் மிதித்தபடி, ஒரு வீடு நின்றுகொண்டிருந்தது.

ஒற்றை அறை வீடு. காற்றுக்குப் பறக்காமலிருக்கக் கூரைமேல் இரண்டு பழைய டயர்கள். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பழைய கதவு எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் அடிக்கப்பட்டு, அடுத்தது வேறு பெயிண்டில் எழுதப்பட்டு, பரீட்சைக்குப் படிக்காமல் போன பிள்ளையின் கணக்குத் தாள்போல இருந்தன. வாசலில், ஆதிரைக்கு ஆயாவாக வரவிருந்த பச்சையம்மா தண்ணீர் தெளித்து, பார்க்கிங் சிமெண்டின்மேல் நாலு புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, பால்கனியை நோக்கிக் கத்தினாள்.

"மாதங்கிம்மா! இட்டாந்துட்டேன். செகரெட்டரி சாரு எய்ந்துட்டாரா பாரு!"

அந்த வீட்டை வரச்சொன்னதே எங்கள் அசோசியேஷன்தான்.

என் பேறுகால விடுப்பு முடியப்போகிறது. திங்கட்கிழமை வந்து உட்காராவிட்டால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவாள் என்பதை மேனேஜர் மிக இனிமையான குரலில், குழந்தையின் நலம் விசாரித்துவிட்டுச் சொன்னார். என் கணவர் அரவிந்துக்குப் புனேயில் வேலை. மாதத்தில் இரண்டு முறை வந்து, குழந்தையைத் தூக்கி, அது அழுததும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். அம்மா இல்லை. மாமியாருக்கு நாத்தனாரின் இரட்டைக் குழந்தைகளோடு பொழுது சரியாக இருக்கிறது. இஸ்திரி போடுகிறவர்தான் பச்சையம்மாவை அனுப்பினார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். வந்தாள், கேட்டருகே குழாயில் சொல்லாமலேயே கைகால் கழுவினாள், இரண்டு கையையும் நீட்டினாள்; வீடியோ காலில் அப்பாவைப் பார்த்தாலே வீறிடுகிற ஆதிரை, ஏற்கெனவே பேசிவைத்திருந்த மாதிரி அவள் இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததே உடனே பயமாகவும் மாறிவிட்டது. இவ்வளவு சுலபமாக ஒரு குழந்தை ஒருத்தியிடம் போனால், அவள் யார்?

அதை அறிந்துகொள்ள எங்கள் குடியிருப்பில் ஒரு முறை உண்டு. ஆம்பல் லேக் வியூ என்பது குடியிருப்பின் பெயர். எந்த பால்கனியில் எந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் ஏரி தெரியாது, என்றாலும் விற்கும்போது ஏரிக்கும் சேர்த்துத்தான் விற்றார்கள். இங்கே வேலைக்கு வருகிற எவரும் பிளாக்குகளுக்குள்ளோ லிஃப்டுக்குள்ளோ காலெடுத்து வைப்பதற்கு முன்னால் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். பின்னணியைச் சோதிப்பதற்கு முன்னால், வந்திருக்கிற ஆள் அந்த ஆள்தானா என்பது தெரிய வேண்டும். அசோசியேஷன் செகரெட்டரி கல்யாணராமன் சார், தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வீட்டுக்குள்கூட சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருப்பவர், பச்சையம்மாவின் ஆதார் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மூஞ்சி சரியா இருக்கு. அட்ரஸ்?"

"அந்த அட்ரஸ்ல இப்ப பெரிய கட கீது சார். உள்ள தானா நகர்ற படிக்கட்டுலாம் கீது."

"அப்போ உன் வீடு?"

"எங்கூடத்தான் கீது. நான் எங்கியோ அது அங்க."

"அதெல்லாம் வேணாம்மா. வீடு இருக்கணும், வீட்டுக்குள்ள ஆள் இருக்கணும், ரெண்டையும் வெரிஃபிகேஷன்காரா கண்ணால பாக்கணும். ஊர்ல எந்த மூலைல வீடு இருந்தாலும் இதான் ரூல்."

"மூலைக்குலாம் இன்னாத்துக்கு அலையணும், பாவம். இங்கியே இட்டாந்துடறேன்," என்று பச்சையம்மா சொன்னாள். அவர் அடுத்த கோப்பைத் திறந்துகொண்டார். அவள் சொன்னபடி செய்தாள்.

வீடு எப்படி நடக்கிறது என்று பச்சையம்மாவிடம் நான் ஒரே ஒரு முறை கேட்டேன். அவள் ஆதிரையின் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி சொன்னாள்: "மொதோ தபா இடிக்க வந்தாங்க, ஓட்டையும் சட்டத்தையும் தலையில வெச்சுத் தூக்கினு போனோம். அப்பறம் மீன்பாடி வண்டில போச்சு. அப்பறம் வந்தாங்க, அப்பறமும் வந்தாங்க. ஒருநாளு புல்டோசர் சத்தம் கேட்டதும் வூடு அதுவா எய்ந்து நின்னுச்சு. சரி, கத்துக்கிச்சுன்னு வுட்டுட்டேன். புள்ளைங்க நடக்க ஆரமிச்சா நீ ஏன் நடக்குறன்னா கேப்ப?"

நான் கேட்க மாட்டேன்தான். குடியிருப்பில் மற்றவர்களும் கேட்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை வந்த முதல் கேள்வி, ஐந்தாம் கட்டத்தில் தன் மைத்துனர் காரை எங்கே நிறுத்துவது என்பது. இரண்டாவது கேள்வி, அந்த வீட்டுக்கு ஸ்டிக்கர் உண்டா என்பது. அடுத்து வந்த நீண்ட சர்ச்சை, அது வண்டியா, வளர்ப்புப் பிராணியா, கட்டடமா என்பதைப் பற்றியது: வண்டியென்றால் கட்டணம், பிராணியென்றால் கழுத்துப் பட்டையும் தடுப்பூசியும், கட்டடமென்றால் பொதுக்குழுவின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல். பொருளாளர் பிலோமினா ஆன்ட்டி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தன் நாயின் மீது வந்த புகார்களையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, "அட்லீஸ்ட் இது குரைக்கல," என்று எழுதினார். கல்யாணராமன் சார் விதிகளைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: விசிட்டர் பார்க்கிங்கில் நிற்பது எதுவோ அது விசிட்டர், விசிட்டர் எந்த பிளாக்குக்குள்ளும் நுழையாதவரை வெரிஃபிகேஷன் தேவையில்லை, கேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டுக்குக் கையெழுத்துப் போட வராது என்பதால், காவலாளி அதன் சுவரில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு வீடு பழகிவிட்டது, நாங்களும் பழகிவிட்டோம். வெயில் ஏற ஏற வீடு மெதுவாக நகர்ந்து வேப்பமர நிழலுக்குப் போகும், சாயங்காலம் நிழல் நீண்டதும் தன் கட்டத்துக்குத் திரும்பும். அதைப் பார்த்து மணி சொல்லுகிற அளவுக்கு மூன்றாவது மாடிக்காரர்கள் தேறிவிட்டார்கள். கொரியர்காரர்களுக்கு வழி சொல்லும்போது, "நீல வீட்டுக்கு எதிர் பிளாக், வீடு இடம் மாறியிருந்தா செக்யூரிட்டியைக் கேளுங்க," என்றார்கள். ஷட்டில் விளையாடும் பிள்ளைகள் இறகுப் பந்து கூரையில் விழுந்தால் கையைத் தட்டுவார்கள், வீடு ஒரு பக்கம் சாய்ந்து பந்தை உருட்டிவிடும். காலை நடையாளர்களில் இரண்டு பேர் அதற்கு குட்மார்னிங் சொன்னார்கள். ஒருவர் மட்டும், குடிசை மாதிரி ஒன்று நிற்பதால் ஃபிளாட்டின் மதிப்பு இறங்கும் என்று எழுதினார். நடக்கிற வீடு உள்ள குடியிருப்பு என்று விளம்பரம் செய்தால் ஏறும் என்று இன்னொருவர் எழுதினார். இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்வதில்லை.

நான் மட்டும் பழகவில்லை. காலையில் ஆதிரையைத் தூக்கிக்கொண்டு கீழே போவேன், பச்சையம்மா உத்திரத்தில் கட்டிய புடவைத் தூளியில் அவளைப் போடுவாள், நான் தூளியிலிருந்து ஒரு கை தூரத்தில், பிரம்பு முறத்துக்கும் ஸ்டவ்வுக்கும் நடுவில், பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர் மாதிரி உட்கார்ந்திருப்பேன். குழந்தைக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்த ஆயாக்கள், குழந்தையோடு காணாமல்போன ஆயாக்கள் என்று யார் யாரோ எனக்கு அனுப்பிய வீடியோக்களெல்லாம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. பச்சையம்மா ஒருநாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லாரும் என்னை யாரு யாருன்னு கேக்குறீங்க, கரீட்டுதான். நீ யாருன்னு நான் யாராண்டமா போய்க் கேக்குறது?"

"என்னையா? நான்... பி பிளாக், இருநூத்தி நாலு."

"அது கதவுக்குப் பேரு," என்றாள். சிரித்துவிட்டு ரசத்துக்குப் பெருங்காயம் கிள்ளிப் போட்டாள்.

வெரிஃபிகேஷன்காரர் புதன்கிழமை வந்தார். ஜெயசீலன் என்று பெயர். ஐம்பது வயதுக்கு மேல். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பேசுகிறவர். முன்பு வீடு வீடாகப் போய் வாட்டர் ஃபில்டர் விற்றவர், இப்போது அதே வீடுகளுக்குப் போய் உள்ளே இருப்பவர்கள் உண்மையா என்று பார்க்கிறவர். செய்யவேண்டியது அதிகமில்லை, என்று எங்களுக்கு விளக்கினார். ஆளை வாசலில் நிறுத்தி வீட்டோடு சேர்த்து ஒரு போட்டோ. போட்டோ எடுக்கிற இடத்தை ஃபோனே குறித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர், ஆமாம் இவள் இங்கேதான் இருக்கிறாள் என்று கட்டைவிரல் வைக்க வேண்டும். ஃபோனில் பச்சை விழும். அப்புறம் பின்னணிச் சோதனை ஆரம்பமாகும், அது வேறு ஆள், வேறு டிபார்ட்மென்ட்.

அவர் ஃபோனைத் தூக்கினார். வீடு எழுந்துவிட்டது.

ஆற்றில் இறங்குகிற பெண் கொசுவத்தைச் சுருட்டிப் பிடிப்பதுபோல நான்கு சுவரையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, உள்ளே பாத்திரங்கள் கலகலக்க, கூரை டயர்கள் குதிக்க, கிடுகிடுவென்று சி பிளாக்கைச் சுற்றிக்கொண்டு போய் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒளிந்தது. அதை யாரும் குறைசொல்ல முடியாது. அதன் வாழ்க்கையில் முதலில் போட்டோ எடுக்க ஒருவர் வருவார், அப்புறம் டேப் பிடித்து அளக்க இரண்டு பேர் வருவார்கள், அப்புறம் மஞ்சள் வண்டி வரும். ஒருமுறைகூட வரிசை மாறியதில்லை.

"ஏய்! நில்லு!" என்று பச்சையம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள். "இவரு அவரு இல்ல! நாந்தான் வரச்சொன்னேன்! மானத்த வாங்காத, நில்லுடி!"

"அக்கா, நீங்களாச்சும் நில்லுங்க, நீங்க ஃபிரேம்ல இருக்கணும்," என்று ஜெயசீலன் அவளுக்குப் பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் ஷட்டில் பிள்ளைகளும், பிள்ளைகளுக்குப் பின்னால் பிலோமினா ஆன்ட்டியின் நாயும், நாய்க்குப் பின்னால் ஆன்ட்டியும் ஓடினார்கள். மூன்று சுற்று. கடைசியில் ஜெயசீலன் தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஃபோனில் தட்டியதை, இடுப்பில் ஆதிரையோடு நின்ற நான் எட்டிப் பார்த்தேன்: 'விண்ணப்பதாரர் இருக்கிறார். விலாசம் தலைமறைவு.'

அன்று சாயங்காலம் குழுவில் யோசனைகள் குவிந்தன. கயிறு கட்டலாம் என்றார்கள். சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதுபோல ஏதாவது போடலாம் என்றார்கள், சக்கரம் இல்லை என்று சொன்ன பிறகும் சொன்னார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டால் ஃபோன் தெரியாது என்றார் பிலோமினா ஆன்ட்டி. குதிரைக்கு அப்படித்தான் செய்வார்களாம். நடையாளர்கள் வியாழன் காலையில் கைகோத்து வட்டமாக நின்று பார்த்தார்கள். வீடு பணிவாக அவர்களைத் தாண்டிப் போய்விட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் நடந்தது யாரும் யோசித்ததல்ல. ஆதிரை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் வழக்கம்போல ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன், வாசலில் நின்ற பச்சையம்மாவுக்கு எதிரே ஜெயசீலன் சத்தமில்லாமல் வந்து ஃபோனைத் தூக்கினார். தரை குலுங்கியது. சுவர்கள் விம்மின. உத்திரம் முறுகி நெரிந்தது. ஓடப்போகிறது என்று நான் தூளியைப் பிடித்துக்கொண்டேன். வீடு ஓடவில்லை. அடிவயிற்றை இறுக்கிக்கொண்டு, என் உள்ளங்காலுக்குக் கீழே அதன் நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொள்ள, குழந்தையின் தூக்கம் கலையாதபடி நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. எனக்கு அந்த நடுக்கத்தை நன்றாகத் தெரியும். ஏழு மாதமாக நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறேன். முதல்முறையாக நான் தூளியிலிருந்து கையை எடுத்துத் தரையில் வைத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று தட்டிக்கொடுத்தேன்.

ஃபோனில் பச்சை விழுந்தது. "அட்ரஸ் ஓகே!" என்று ஜெயசீலன் தெருவரைக்கும் கேட்கக் கத்தினார். "இனிமே சாட்சி ரெண்டு பேருதான்!"

அந்த இரண்டு பேர்தான் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலமே பார்ட்டி ஹாலில் அவசரக் கூட்டம் போட்டார்கள். பச்சையம்மா இங்கே வசிக்கிறாள் என்று கட்டைவிரல் வைத்தால் அவள் குடியிருப்புவாசி ஆகிவிடுவாள், பொதுக்குழுவில் ஓட்டுக் கேட்பாள், நீச்சல்குளத்தில் இறங்குவாள்; வைக்காவிட்டால் யாரென்று தெரியாத ஒருத்தி காம்பவுண்டுக்குள் இருக்கிறாள் என்று ஆகிவிடும். இரண்டும் நேரக்கூடாது. ஊதுபத்தி முழுவதும் எரிந்து முடிகிற வரை பேசி, கல்யாணராமன் சார் ஒரு தீர்மானம் எழுதினார்: மேற்படி வீடு சரிபார்ப்பின் பொருட்டு இங்கே இருக்கிறது என்றும், அசோசியேஷன் விதிகளின் பொருட்டு இங்கே இல்லை என்றும் கொள்ளப்படும். எல்லாரும் கைதட்டினார்கள். சமோசா வந்தது.

"வாங்கோ, நானே முதல்ல வெக்கறேன்," என்று கல்யாணராமன் சார் கையைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் சார். சாட்சி சொல்றவர் யாருன்னு அது முதல்ல பாக்கும்." ஜெயசீலன் ஃபோனைப் பார்த்தார். உதறினார். மறுபடியும் பார்த்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தண்ணிக்குள்ள இருக்கீங்க."

"என்ன சொல்றேள்?"

"நான் சொல்லல சார், சர்க்காரோட நில மேப் சொல்லுது. உங்க பிளாக் மொத்தமும் ஏரி. ஆழமான பகுதின்னு வேற போட்டிருக்கு."

கல்யாணராமன் சார் நீட்டிய கட்டைவிரலை மடக்கிக்கொண்டார். அப்புறம் பிலோமினா ஆன்ட்டி மெதுவாக எழுந்து, "நான் டி பிளாக். எனக்குப் பாருங்க," என்றார்.

"நீங்க கரையோரம் மேடம். முட்டியளவு."

அவ்வளவுதான். நாற்காலிகள் இழுபட, எல்லாரும் ஜெயசீலனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏ பிளாக்குக்கு ஆள் மூழ்குகிற ஆழம். சி பிளாக்குக்கு இடுப்பளவு, மதகை ஒட்டிய ஃபிளாட்டுகளுக்கு மட்டும் சுழல். நான் ஆதிரையைத் தூக்கிக்கொண்டு கடைசியாகப் போய் நின்றபோது, "இருநூத்தி நாலா? கழுத்தளவு மேடம்," என்று வருத்தத்தோடு சொன்னார். ஒரு மணி நேரத்தில் அதற்கும் பழகிவிட்டோம். டி பிளாக்காரர்கள் லிஃப்டில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள். முட்டியளவு ஃபிளாட் விற்பனைக்கு, ஆழத்தில் இருப்பவர்கள் தொடர்புகொள்ளவும் என்று குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. விசிட்டர் பார்க்கிங் மட்டும் ஏரி நடுவே இருந்த பழைய மண் திட்டாம். காம்பவுண்டு முழுவதிலும் விலாசம் உள்ள ஒரே வீடு அந்த நீல வீடுதான்.

"தண்ணிக்குள்ள இருக்கறவங்க சாட்சி செல்லாது," என்று ஜெயசீலன் ஹெல்மெட்டை மாட்டினார். இல்லை, அது மாட்டியேதான் இருந்தது, அதன் கண்ணாடியை இறக்கினார். "ஆளு இருக்கு, வீடு இருக்கு, அக்கம்பக்கம் இல்ல. அப்படித்தான் போட முடியும். பேக்ரவுண்டு செக்குக்கு இது போகாது. சாரி மேடம்."

வெள்ளிக்கிழமை கல்யாணராமன் சார் நடந்துபோகும்போது வேட்டியைத் தன்னையறியாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். அவர் கோபம் மேப்பின்மேல் இல்லை. அந்த வீடு அங்கே நிற்கிறவரை நாம் எங்கே இருக்கிறோம் என்று எல்லாருக்கும் ஞாபகம் வந்துகொண்டே இருக்கும் என்று அவர் சொன்னார், அதை யாரும் மறுக்கவில்லை. சனிக்கிழமை வீட்டை அகற்றத் தீர்மானம், திங்கட்கிழமை காலை கிரேன்.

"கிரேனுக்கு வேலையே இருக்காது பாருங்கோ," என்று அவர் என்னிடம் லிஃப்டில் சொன்னார். "சத்தம் கேட்டாலே அதுவே ஓடிடும். நமக்கும் பாவம் இல்ல."

"அப்போ என் குழந்தைய யார் சார் பாத்துப்பா?"

"வெரிஃபை ஆன ஆளா ஏற்பாடு பண்ணிக்கோங்கோ மேடம். ஏஜென்சில கேளுங்கோ."

ஏஜென்சியில் கேட்டேன். அடுத்த மாதம் என்றார்கள். அரவிந்தைக் கேட்டேன். "வேலைய விட்டுடேன், மாது, இப்ப என்ன," என்றார், ஜன்னலைச் சாத்து என்று சொல்கிற குரலில். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் புடவை கட்டி, தோளில் பையை மாட்டி, இடுப்பில் ஆதிரையோடு கீழே இறங்கினபோது கிரேன் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மஞ்சள் வண்டி. குடியிருப்பு முழுவதும் பால்கனிகளில் காப்பி டம்ளரோடு நின்றது. வீடு ஏற்கெனவே ஒரு பக்கத்துச் சுவரைத் தூக்கிவிட்டது. பச்சையம்மா உள்ளே அவசரமில்லாமல், அழாமல், இதை எத்தனையோ முறை செய்த கைகளோடு, பாத்திரங்களைக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டு வரேம்மா," என்றாள். "புள்ளைக்கு வெயில்ல தொப்பி போடு. பல்லு மொளைக்கிற நேரம், கடிக்கும், அடிக்காத."

என் காதுக்குள் ஸிஸ்டரின் மணி அடித்தது. மேலே எல்லாரும் பார்க்கிறார்கள். கீழே கோப்போடு ஒருவர் நிற்கிறார். என் வாழ்நாளில் கோப்பு வைத்திருப்பவருக்கு எதிரே நான் வாய் திறந்ததில்லை. இருந்தும் படியேறி உள்ளே போய், ஆதிரையைத் தூளியில் கிடத்தினேன். அவள் ஒரு முறை கொட்டாவி விட்டாள். தூக்கிய சுவர் காற்றில் நின்றது. வீடு யோசிப்பதுபோல இருந்தது. அப்புறம், ஒரு தூசுகூட எழாமல், மெதுவாக, மிக மெதுவாக உட்கார்ந்தது.

"குழந்தை இருக்குது. நான் தூக்க மாட்டேன்," என்று கிரேன்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.

"மேடம்!" கல்யாணராமன் சார் ஓடிவந்தார். "என்ன காரியம் பண்றேள்? குழந்தைய எடுங்கோ. அவ யாருன்னே நமக்குத் தெரியாது!"

நான் வெளியே வந்து படியில் நின்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சார், என் குழந்தை பேர் என்ன?"

"என்னது?"

"பிறந்தப்போ உங்களுக்கு ஜாங்கிரி கொடுத்தேன். பேர் வெச்சன்னிக்கு உங்க வீட்டு பிரேமா மாமி சாப்பிட்டுட்டுப் போனா. தினமும் லிஃப்டில பாக்கறீங்க. பேர் என்ன சார்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, அசோசியேஷன் ஆப்பைத் திறந்து, பி பிளாக்கைத் தேடினார். அதில் 'பெரியவர் இருவர், சிறியவர் ஒன்று' என்றுதான் இருந்திருக்கும். மேலே பால்கனிகளைப் பார்த்தார். பால்கனிகளில் ஒவ்வொருவராகக் காப்பி டம்ளருக்குள் பார்க்க ஆரம்பித்தார்கள். பிலோமினா ஆன்ட்டி மட்டும், "ஏதோ ஸ்டார் பேரு..." என்று முணுமுணுத்துவிட்டு, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே தூளி ஆடும் சத்தம் கேட்டது. "ஆதிர, என் ஆதிர, ஆரு வந்தாலும் அசையாத," என்று பச்சையம்மா ராகம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று நினைத்தேன். என் பஸ் வருகிற நேரம். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அது பக்கத்திலேயேதான் நின்றது, பையை மாட்டிக்கொண்டு என்னோடு ஆபீஸுக்கு வரத் தயாராக.

"அக்கா," என்றேன். "நான் ஆறரைக்கு வந்துடுவேன். யார் வந்து தட்டினாலும் திறக்காதீங்க. தாப்பா போட்டுக்குங்க."

பச்சையம்மா வாசலுக்கு வந்தாள். கதவை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தாள்.

"தாப்பாவா? அதப் போட்டு வருஷமாச்சேம்மா. ஓடுற வூட்டுல எவ தாப்பா போடுவா? எப்ப தெறந்துனு ஓடணுமோன்னு சும்மாச் சாத்தித்தான் வெப்பேன்." துருவை நகத்தால் சுரண்டினாள். உள்ளே போய், குழந்தைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுவந்து தடவினாள். என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தாள். "பயமா கீதா?"

"ஆமாக்கா."

"எனுக்குந்தான். போ, பஸ்ஸு வுட்ருவ."

கதவைச் சாத்தினாள். நான் நகரவில்லை. கல்யாணராமன் சாரும், கிரேன்காரரும், காம்பவுண்டு முழுவதும், நானும் கேட்டுக்கொண்டு நின்றோம். இரும்பு முதலில் வரமாட்டேன் என்றது, முனகியது, பாதியில் நின்றது, அப்புறம் எண்ணெய் இறங்கி, உள்ளேயிருந்து ஒரே தள்ளில், தாழ்ப்பாள் விழுந்தது.